குளிரில் மாடுகள் செத்த ஆண்டும் சூடாகும் உலகமும்

2022 டிசம்பர் இரண்டாவது கிழமை மாண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இலங்கையின் வடக்கே எங்கள் பக்கம் அது கரையேறவில்லை. ஆனாலும் விடாத மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வன்னியை உலுக்கின. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெட்டைவெளியில் நின்ற மாடுகள் நனைந்து, விறைத்து, விடியும்போது செத்துக் கிடந்தன. வடக்கிலும் கிழக்கிலுமாக நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் அந்தக் குளிரில் இறந்தன.

அடுத்த சில நாட்களில் பால் சேகரிக்கும் நிலையத்தில் வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்: “உலகம் சூடாகிறது என்று வானொலியில் சொல்கிறார்கள். என்னுடைய மூன்று மாடுகள் குளிரில் செத்துவிட்டன. நான் எதை நம்புவது?” அவருடைய பால் கானில் அன்று இரண்டு போத்தல்தான் இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வானிலை வேறு, காலநிலை வேறு

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. “சீரற்ற காலநிலை காரணமாக மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை” என்று எங்கள் செய்திகளில் அடிக்கடி வருகிறது. அங்கே வரவேண்டிய சொல் வானிலை. ஓரிடத்தில் இன்றும் இந்தக் கிழமையும் மழையா, வெயிலா, காற்றா என்பது வானிலை. அதே இடத்தில் நீண்ட காலமாக, வழக்கமாகக் குறைந்தது 30 ஆண்டுகளாக, அது எப்படி இருந்து வந்திருக்கிறது என்ற கணக்கு காலநிலை.

2022 பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டில் ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய் மலிந்திருந்தால், விலைவாசி இறங்கிவிட்டது என்று சொல்லியிருப்போமா? ஒருநாள் விலை வானிலை. ஆண்டுக்கணக்கில் விலைவாசி போகும் திசை காலநிலை. உலகம் சூடாகும்போதும் குளிர் நாட்கள் வரும். மழையில் ஊறி, காற்றில் நின்ற மாட்டின் உடம்பு, அது தாங்கக்கூடியதைவிட வேகமாகச் சூட்டை இழந்தது. அது அந்த இரண்டு மூன்று நாட்களின் வானிலை. உலகம் சூடாகவில்லை என்பதற்கு அது சான்றாகாது. சூடாகிறது என்பதற்கும் அது சான்றாகாது.

எங்கள் வீட்டில் அப்பா ஒரு கொப்பி வைத்திருக்கிறார். மழை பெய்த நாள், குளம் நிரம்பி வான் பாய்ந்த நாள், விதைத்த நாள், அறுத்த நாள் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கத்தைப் பார்த்தால் வானிலை தெரியும். கொப்பி முழுவதையும் புரட்டினால்தான் காலநிலை தெரியத் தொடங்கும்.

வயற்காவல் இரவுகள் சொல்லும் பாடம்

உலகம் ஏன் சூடாகிறது என்பதைத் தை, மாசியில் வயற்காவலுக்குப் போனவர்கள் உடம்பாலேயே அறிவார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து நட்சத்திரங்கள் தெரியும் இரவில், மூன்று மணிக்குமேல் பரணில் இருக்க முடியாது. சாக்கை எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். மேகம் மூடிய இரவில் அதே பரணில் புழுக்கமாக இருக்கும். இரண்டு இரவிலும் சூரியன் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வெளியே விடுகிறது. வானம் திறந்திருந்தால் அது மேலே போய்விடும். மேகம் இருந்தால் அதை உறிஞ்சி, ஒரு பங்கைத் திருப்பி நிலத்துக்கே அனுப்பும்.

காற்றில் கலந்திருக்கும் சில வாயுக்களும் இதே வேலையைச் செய்கின்றன. நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் ஆகியவை முக்கியமானவை. இவற்றைப் பச்சைவீட்டு வாயுக்கள் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத, பகலும் இரவும் கலையாத ஒரு மேகம்போல் இவை பூமியைச் சுற்றி நிற்கின்றன. இவை தீயவை என்று நினைத்துவிடக் கூடாது. இவை அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்; இவற்றால்தான் 15 பாகை அளவில் இருக்கிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 காபனீரொட்சைட்டாக இருந்தன. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, காடுகளை அழித்து, அதை 420க்கு மேல் கொண்டுவந்துவிட்டோம். மேகம் தடிக்கிறது, சூடு தங்குகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில்கூட இது தவறாக வருகிறது. ஓசோன் படலத்தின் ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக இறங்குவதால் உலகம் சூடாகவில்லை. ஓசோன் தேய்வு தனியான பிரச்சினை. அதனால் கூடுவது தோலுக்கும் கண்ணுக்கும் கேடான புறஊதாக் கதிர்.

சராசரி யாருடைய வயலிலும் விளைவதில்லை

ஒரு வாய்க்காலின் கீழ் பத்துப் பேருக்கு வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்து மதகான துருசுக்குக் கிட்ட இருப்பவர் ஏக்கருக்கு 30 மூடை எடுத்தார். வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீரே எட்டவில்லை, 8 மூடை. கமக்காரர் கூட்டத்தில் “ஏக்கருக்குச் சராசரி 20 மூடை” என்று வாசிப்பார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் கடைசி வயற்காரர் அந்த 20 மூடையைக் கண்ணாலும் காணவில்லை.

உலக வெப்பநிலை பற்றிச் சொல்லப்படும் எண்ணும் அப்படித்தான். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 காலத்தில் உலகம் சராசரியாக 1.1 பாகை சூடாகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் நிலப்பரப்பு 1.6 பாகை, கடற்பரப்பு 0.9 பாகை. ஆட்டிக் எனப்படும் வடதுருவப் பகுதியோ 1979க்குப் பிறகு உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருகிறது. கிறீன்லாந்துக்குத் தெற்கே வட அத்திலாந்திக்கில் ஒரு துண்டுக் கடல் சற்றுக் குளிர்ந்துகூட இருக்கிறது. அங்கே கடல் நீரோட்டம் பலவீனமடைவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதுவரை வந்தது இவ்வளவு: பச்சைவீட்டு வாயுக்கள் கூடியதால் சூடு தங்குகிறது; தங்கும் சூடு எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை. ஏன் என்பதுதான் அடுத்தது.

மணல் சுடுகிறது, கடல் சுடுவதில்லை

சித்திரை மாத நடுப்பகலில் முல்லைத்தீவுக் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். காய்ந்த மணலில் நிற்க முடியாது. அலை நனைத்த மணலில் நிற்கலாம். கடலுக்குள் கால் வைத்தால் இதம். மூன்றுக்கும் மேலே இருப்பது ஒரே வெயில்.

தண்ணீரைச் சூடாக்க மண்ணைவிட அதிக வெப்பம் வேண்டும். அதோடு அலையும் நீரோட்டமும் மேற்பரப்பின் சூட்டை ஆழத்துக்குக் கலக்கிவிடுகின்றன. மூன்றாவது காரணம் வீட்டிலேயே இருக்கிறது: மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கடல் எந்நேரமும் ஈரமான பெரும் பானை. முதல் இரண்டு காரணங்களும் கடல் சூடாவதைத் தாமதப்படுத்துகின்றன. எவ்வளவு காலம் சென்றாலும் நிலத்தைக் கடலைவிடச் சூடாக வைத்திருப்பதில் இந்த மூன்றாவதுக்குப் பெரிய பங்கு உண்டு. நிலத்தில் ஆவியாக நீர் குறைவு. வரட்சியில் மண் காய்ந்தால் பானையே காய்ந்தது போல. அதே வெயில் மேலும் சுடும். சுடச் சுட மண் மேலும் காயும்.

ஆட்டிக்கின் கதை வேறு. ஏ9 வீதியின் கறுப்புத் தாரில் நடுப்பகலில் கால் வைக்க முடியாது. பக்கத்தில் சுண்ணாம்பு பூசிய மதிலில் கை வைக்கலாம். வெள்ளை வெயிலைத் திருப்பி எறிகிறது, கறுப்பு விழுங்குகிறது. ஒரு பரப்பு வெயிலில் எத்தனை பங்கைத் திருப்பி எறிகிறது என்பதைத் தெறிப்புத்திறன் என்போம். பனி மூடிய கடற்பனிக்கட்டி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி எறியும். அது உருகி, கீழே இருக்கும் கறுத்த கடல்நீர் வெளியே தெரிந்தால், அந்த நீர் 10 சதவீதத்தைக்கூட எறியாது. சிறிது சூடு சிறிது பனியை உருக்குகிறது. உருகிய இடம் இன்னும் சூட்டை வாங்குகிறது. வெள்ளை மதிலை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாராக மாற்றுவது போன்ற வேலை இது.

வானத்துக்கும் ஒரு வான்கதவு

வன்னியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்களுக்குப் புவி வெப்பமாதல் முதலில் வெயிலாக வரவில்லை, தண்ணீராக வருகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் தமிழில் வானத்துக்கும் வான் என்று பெயர். குளம் நிரம்பி வழியும் இடத்துக்கும் வான் என்று பெயர். இந்த இரண்டையும் சேர்த்து நினைத்தால் விடயம் எளிதாகப் புரியும். இரணைமடுக்குளத்தைப் புனரமைத்து, 2018இல் அதன் கொள்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினார்கள். கொள்மட்டம் உயர்ந்த குளம் நிரம்ப முன்னையதைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். நிரம்பிய பிறகு திறந்துவிட்டால் பாய்வதும் கூடுதலாக இருக்கும். காற்றும் ஒரு குளம்தான். காற்றின் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. சூடான காற்று நிலத்திலிருந்தும் குளத்திலிருந்தும் பயிரிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழையில்லாத நாட்களில் மண் முன்னையதைவிட வேகமாகக் காயும். பெய்யத் தொடங்கினால் கொட்டும்.

“ஒருபக்கம் வரட்சி என்கிறார்கள், மறுபக்கம் வெள்ளம் என்கிறார்கள், இரண்டும் எப்படி ஒன்றால் வரும்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரே கொள்மட்டம்தான் இரண்டையும் செய்கிறது.

2016, 2017இல் நாடு கண்ட கடும் வரட்சியில் எங்கள் குளங்களின் அடி வெடித்துக் கிடந்தது. 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வரட்சிக்கும் இந்த வெள்ளத்துக்கும் இடையில் ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

மானாவாரிக் கமக்காரருக்கு ஆண்டு மொத்த மழை எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமல்ல. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை 60 நாட்களில் பரவிப் பெய்ய வேண்டியது 15 நாட்களில் கொட்டினால், மழைமானியின் மொத்தக் கணக்கு மாறாது. பயிர் ஒருமுறை அழுகும், ஒருமுறை காயும். குளத்துக்கும் அதே நிலைதான். மெதுவாக வரும் நீரைக் குளம் ஏந்தும். ஒரே இரவில் வருவது கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளம் போய்க் கடலில் சேரும். அதே கமக்காரர் பின்னர் சிறுபோகக் கூட்டத்தில் “இம்முறை தண்ணீர் போதாது” என்று கேட்டுவிட்டு வருவார்.

உலகின் மற்ற இடங்களில் இதே விதி வேறு முகத்தோடு வருகிறது. மழையைக் கொண்டுபோகும் காற்றோட்டங்களும் இடம் மாறுவதால், ஏற்கெனவே வரண்ட சில பகுதிகள் மேலும் வரள்கின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள் அப்படிப்பட்டவை. ஆபிரிக்காவின் கிழக்கு முனையில் சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா ஆகிய நாடுகளின் பகுதிகளில் 2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. மந்தைகள் செத்தன. 2023 இறுதியில் அதே நிலத்தில் பெருவெள்ளம்.

பனிமலை நாடுகளுக்குக் குளமே பனிதான். பனியாறு என்பது மலைச்சரிவில் மெதுவாக ஊர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டித் திரள். குளிர்காலத்துப் பனியைச் சேர்த்து வைத்து, கோடையில் ஆற்றுக்கு விடும். துருசு இல்லாத குளம் என்று சொல்லலாம். சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தங்கள் கனவளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன. இமயமலையின் பனியாறுகளும் தேய்கின்றன. சிந்து நதிப் பாசனம் பெரிதும் அந்த நீரை நம்பியிருக்கிறது. இதில் ஒரு மயக்கம் உண்டு. பனி உருகும் காலத்தில் ஆற்றில் முதலில் தண்ணீர் கூடும். எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். அணை உடைந்த குளத்தின் கீழும் முதல் நாள் தண்ணீருக்குக் குறைவிருக்காது.

நெற்பூ திறக்கும் ஒரு மணி நேரம்

ஒரு பாகை கூடினால் என்ன வந்துவிடும் என்று கேட்பவரை நான் வயலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

கதிர் வந்த நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிபோல் வரம்பில் குந்தியிருந்து பாருங்கள். மூடியிருந்த நெல்மணியின் இரு உமிகளும் மெல்லப் பிரியும். உள்ளேயிருந்து ஆறு மெல்லிய நூல்கள் வெளியே நீளும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மஞ்சள் பை. அந்தப் பை வெடித்து மகரந்தம் உதிரும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அந்த நெல்மணிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. அந்த நேரத்தில் பூவின் வெப்பநிலை சுமார் 35 பாகையைத் தாண்டினால், பை சரியாக வெடிக்காது; மகரந்தம் உயிரோடு சேராது. பிறகு பால் பிடிக்க வேண்டிய நாளில் நகத்தால் நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் வயல் நன்றாகத்தான் தெரியும். அறுத்துத் தூற்றும்போதுதான் எவ்வளவு சப்பி என்பது தெரியும்.

34 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் மனித உடம்பு பெரிய வேறுபாட்டை உணராது. நெற்பூவுக்கு அது வாசற்படி. வெப்பமாதல் இடத்துக்கிடம் வேறுபட்டுத் தாக்குவதற்கு இப்படிப்பட்ட வாசற்படிகள் பெரிய காரணம். படிக்கு வெகு கீழே இருக்கும் நாட்டுக்கு ஒரு பாகை ஏறினால் விளைச்சல் கூடலாம். கனடாவின், உருசியாவின் சில பகுதிகளில் பயிர்க்காலம் நீளவும் செய்யும். படியின் விளிம்பில் நிற்கும் எங்களுக்கு அப்படியல்ல.

இரவுச் சூடும் கணக்கில் உண்டு. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, இரவின் மிகக்குறைந்த வெப்பநிலை ஒரு பாகை கூடியபோது உலர்பருவ நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. இரவில் சூடு கூடினால் பயிர், பகலில் சேர்த்த உணவை அதிகமாகச் செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

வாய்க்காலின் கடைசி வயற்காரரை இங்கே மறந்துவிடக் கூடாது. வேரில் தண்ணீர் நிற்கும் பயிர், இலை வழியாக ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர்த்திக்கொள்ளும், மண்பானையைப் போல. தண்ணீர் எட்டாத வயலில் பூ காற்றைவிடச் சுடும். ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வெயில். மேல் வயலில் நெல், கீழ் வயலில் சப்பி.

லண்டனில் 40 பாகை

வன்னியில் வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு குறைவு. 2022 யூலை 19இல் பிரித்தானியாவில் வரலாற்றில் முதன்முறையாக வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. அன்று லண்டனிலிருந்து பேசிய சித்தி, வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பிள்ளைகளை அதில் இருத்தியிருக்கிறேன் என்றார். சித்திரையில் வவுனியாவில் 37, 38 பாகையில் வளர்ந்தவர் அவர். இங்கே பலருக்கு அது விளங்கவில்லை.

அங்குள்ள வீடு சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டப்பட்டது. தடித்த சுவர், சிறிய யன்னல், விரித்த கம்பளம், மின்விசிறி இல்லை. எங்கள் வீடு சூட்டை வெளியே விடக் கட்டப்பட்டது: விறாந்தை, உயர்ந்த கூரை, முற்றத்தில் வேம்பு. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் சுமார் 70,000 பேர் இறந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது, பெரும்பாலானோர் முதியவர்கள். கனடாவின் லிற்றன் என்ற சிற்றூரில் 2021 யூன் 29இல் 49.6 பாகை பதிவாகியது. மறுநாள் காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது.

அப்படியானால் நாங்கள் பழகியவர்கள், தப்பிவிடுவோம் என்று நினைக்கலாமா? இல்லை. எங்கள் காற்றில் ஈரப்பதன் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் முறைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. அது 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்க மாட்டார். வயலில் குனிந்து நிற்பவருக்கு அதற்கு வெகு முன்னரே ஆபத்து. பாகிஸ்தானின் ஜேக்கபாபாத் இந்த எல்லையைச் சிறிது நேரம் தொட்டிருக்கிறது. வீட்டுக்குள் குளிரூட்டி உள்ளவருக்கு அது ஒரு சிரமமான நாள். நாட்கூலிக்குக் கல் உடைப்பவருக்கு அது உயிர்.

இதில் என் மனதை அறுக்கும் கணக்கு ஒன்றுண்டு. இலங்கையில் ஒருவருக்கு ஆண்டுக்கு வெளியேறும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு தொன். அமெரிக்காவில் 14 தொன் அளவில். வாயு காற்றில் கலந்து உலகெங்கும் ஒரே அளவாகப் பரவிவிடுகிறது. யார் எரித்தது என்று அது பார்ப்பதில்லை. விளைவு மட்டும் ஒரே அளவாகப் பரவுவதில்லை.

கடல் தட்டில் உள்ள தண்ணீர் போன்றதல்ல

கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை உலக சராசரியில் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. சூடான நீர் விரிவதும் நிலத்துப் பனி உருகி வந்து சேர்வதுமே காரணம். இங்கேயும் சராசரி மறைக்கும் ஒன்று உண்டு. கிறீன்லாந்தின் பனிமலை தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் இழுப்புக் குறைந்து, பக்கத்துக் கடல் தாழும். தூரத்தில் உள்ள வெப்பமண்டலக் கரைகளில் கூடுதலாக ஏறும். பனி அங்கே, தண்ணீர் இங்கே.

மாலைதீவின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு ஒரு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பசிபிக்கில் உள்ள துவாலு 2023இல் அவுஸ்திரேலியாவோடு ஓர் உடன்படிக்கை செய்தது. அதன்படி ஆண்டுக்கு 280 துவாலுக்காரர்வரை அங்கே குடியேறலாம். ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கரையில் அது உவராக வருகிறது. நந்திக்கடல், சுண்டிக்குளம் பக்கத்து வயல்களில் தண்ணீர் வற்றிய பிறகு மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரியும் அந்தப் படை கடல் உயர உயர உள்ளே நகரும். கிணற்று நீரை முதலில் மாடு குடிக்க மறுக்கும்.

எல்லாவற்றையும் அதன் தலையில் போட முடியாது

இப்போது எதிர்ப்பக்கத்துத் தவறு. மழை பிந்தினாலும் காலநிலை மாற்றம், கிணறு வற்றினாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. குளம் வண்டல் படிந்து மேடானதும், ஆற்று மணல் இரவிரவாக அள்ளப்பட்டதும், நீரேந்து காடு வெட்டப்பட்டதும், வெள்ளம் போகும் வாய்க்காலை மறித்து மதில் கட்டியதும் வேறு கணக்கு. அவற்றை இங்கேயே நிறுத்தலாம், நிறுத்தியே ஆக வேண்டும். புவி வெப்பமாதலைச் சாட்டாகச் சொல்லி அவற்றிலிருந்து யாரும் தப்பக் கூடாது.

புயலும் புதியதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் மண்ணைக் கடந்துதான் போனது. 2008இல் நிஷா வந்தது. சூடான கடலால் புயல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. வரும் புயல் கூடுதல் மழையைச் சுமந்து வருகிறது, கடும் புயல்களின் பங்கு கூடுகிறது என்பதற்குச் சான்று வலுவானது. ஒரு நெல்மணியைக் காட்டி “இது வெப்பத்தால் சப்பியானது” என்று சொல்ல முடியாது. எந்தப் போகத்திலும் கொஞ்சம் சப்பி இருக்கும். போகத்துக்குப் போகம் சப்பி கூடினால், ஏதோ மாறிவிட்டது என்று சொல்லலாம். தனிப் புயலுக்கும் காலநிலைக்கும் உள்ள உறவு அத்தகையது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒரே மழை மலையகத்தில் மண்சரிவாக இறங்கியது. மன்னாரில் அருவியாற்று வெள்ளமாகப் பரந்தது. சரிவில் லயன் வீட்டில் இருந்தவருக்கும் ஆற்றங்கரையில் மாடு வைத்திருந்தவருக்கும் ஒரே புயல் இரண்டு விதமாக வந்தது. உலகம் முழுவதுக்கும் சொன்னதை ஒரு சிறு தீவுக்குள்ளேயே பார்க்க முடிகிறது.

கொப்பியில் உள்ள இடைவெளி

அப்பாவின் கொப்பிக்கு வருகிறேன். பழைய கொப்பி 2009இல் தொலைந்துபோனது. விதைநெல், காணி உறுதி, கலியாணப் படங்களோடு அதுவும் வழியில் எங்கோ விடப்பட்டது. மீள்குடியேறிய பிறகு, 2010 மாரியில் அவர் புதியதைத் தொடங்கினார். முதல் பக்கத்தில் முதல் மழையின் தேதி மட்டும் இருக்கிறது. அந்த ஆண்டு விதைக்கவில்லை.

30 ஆண்டுகள் என்று மேலே சொன்னேன். அதில் பாதியைத்தான் இந்தக் கொப்பி தாண்டியிருக்கிறது. புரட்டாதிக் கடைசியில் விதைப்பதா, ஐப்பசி பத்துவரை பொறுப்பதா என்று இப்போது பக்கத்து வயற்காரர்கள் வந்து கேட்கிறார்கள். அவர் கொப்பியை எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் முதல் மழையையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். தேதிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி இருக்கின்றன. பால் நிலையத்தில் அன்று கேட்டவரும் இந்த ஆண்டு வந்திருந்தார். மாடுகளுக்கு வாடைப்பக்கம் மறைத்து, தரையை உயர்த்தி, தகரக் கொட்டில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு தானும் ஒரு கொப்பி வாங்கியிருப்பதாகவும், மழை பெய்யாத நாளையும் அதில் எழுத வேண்டுமா என்றும் கேட்டார். எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார்.